வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி: டீச்சர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். போன இதழில், பிள்ளை பள்ளியில் வாய் திறப்பதே இல்லை என்று வருத்தப்பட்ட ஒரு வாசகிக்கு, "முதலில் உங்கள் வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று சொல்லுங்கள்" என்று நாலு வரி எழுதியிருந்தேன். அவ்வளவுதான், ஓசூரிலிருந்து ஆனைகட்டி வரை ஆளாளுக்கு எழுதித் தள்ளிவிட்டீர்கள். எல்லாவற்றையும் போட இடமில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்று நிறையப் பேர் கேட்டிருந்ததால் யார் பெயரும் இல்லை, ஊர் மட்டும்.

ஓசூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா:
எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவோம். பையனை ஊரில் இருக்கும் தமிழ் வழி அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். வீட்டில் வாய் ஓயாத பையன், பள்ளியில் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். "கொஞ்சம் மந்தமா இருக்கான், டாக்டர்கிட்ட காட்டுங்க, இனிமே வீட்டுல தமிழ்லயே பேசுங்க" என்று மிஸ் சொல்லிவிட்டார். என் மாமியாருக்குத் தமிழ் சரியாக வராது. நாங்கள் தெலுங்கை நிறுத்திவிட வேண்டுமா டீச்சர்?

நிறுத்தாதீர்கள் அம்மா. உங்கள் மாமியார் அவனோடு பேசுவதை நிறுத்தினால் அவனுக்கு இருக்கிற ஒரே பேச்சுத் துணையும் போய்விடும், பதிலுக்கு அவனுக்குத் தமிழும் வந்துவிடாது.

டாக்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வீட்டில் கதை சொல்கிறானா, தங்கச்சியோடு சண்டை போடுகிறானா, "உள்ளே போய் அந்தச் சொம்பை எடுத்துட்டு வா" என்றால் எடுத்து வருகிறானா? இதெல்லாம் செய்கிறான் என்றால் காதும் மூளையும் நன்றாகத்தான் இருக்கின்றன. வீட்டிலும் பேச்சு குறைவு, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் மட்டும் காதைப் பரிசோதித்துவிடுங்கள், அது வேறு கதை. புது மொழிக்குள் போய் விழுகிற குழந்தை சில மாதங்கள் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பது உலகம் பூராவும் நடக்கிற சங்கதி. அந்த நேரத்தில் அவன் சும்மா இல்லை, கேட்பதையெல்லாம் உள்ளே சேர்த்துக்கொண்டிருக்கிறான். அதை மந்தம் என்று பெயர் வைத்து ஒரு பக்கம் உட்கார வைத்துவிடுவதுதான் ஆபத்து, ஏனென்றால் அந்தப் பெயர் ஐந்தாம் வகுப்பு வரை கூடவே வரும்.

ராயக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன். சந்தையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தக்காளி விற்கிறவள். கிலோ பதினெட்டு ரூபாய், இரண்டரைக் கிலோ நாற்பத்தைந்து, ஐம்பது ரூபாய் நோட்டுக்கு அஞ்சு ரூபாய் பாக்கி என்று விரலை மடக்காமல் சொல்வாள். அதே பெண்ணின் நோட்டில், "ராமு தன்னிடம் இருந்த 24 மாம்பழங்களை 6 நண்பர்களுக்குச் சமமாகப் பகிர்ந்தளித்தான் எனில் ஒவ்வொருவருக்கும் கிடைத்தவை எத்தனை?" என்ற கணக்குக்கு விடை 30 என்று இருந்தது. இரண்டு எண் கண்ணில் பட்டது, கூட்டிவிட்டாள். நடுவில் இருந்த "பகிர்ந்தளித்தான் எனில்" எல்லாம் அவளுக்கு வெறும் சத்தம். பக்கத்திலிருந்த பையனை அதையே தெலுங்கில் கேட்கச் சொன்னேன். அவன் கேட்டு முடிப்பதற்குள் நாலு என்று பதில் வந்தது. பதிவேட்டில் அவள் கணக்கில் பின்தங்கிய மாணவி.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, இதைப் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்தே கவனிக்கத் தவறுகிறார்கள். விளையாட்டில், கடையில், பஸ்ஸில் பேசுகிற மொழியைக் குழந்தைகள் ஓரிரண்டு வருடத்தில் பிடித்துவிடும். பாடப் புத்தக மொழி அப்படி இல்லை, அதில் உடன் படிக்கும் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம்கூட ஆகும் என்று கனடாவின் ஜிம் கமின்ஸ் போன்ற ஆய்வாளர்கள் 1980-களிலேயே சொல்லிவிட்டார்கள். இரண்டாம் வகுப்பில் உங்கள் பையன் தமிழில் சரளமாகச் சண்டை போடுவான். உடனே "இவனுக்குத்தான் தமிழ் நல்லா வருதே, ஏன் பரிட்சையில மட்டும் எழுத மாட்டேங்கிறான், சோம்பேறி" என்பார்கள். அப்போது இந்தப் பத்தியை வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? மிஸ்ஸைப் போய்ப் பாருங்கள், சண்டை போட அல்ல. அவரும் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கிறவர்தான். அவன் நூறு வரை தெலுங்கில் எண்ணுவான், இன்ன கதையைச் சொல்வான், ஆடு மாடுகளை இன்னின்ன மாதிரி பார்த்துக்கொள்வான் என்று அவனுக்குத் தெரிந்ததை அவரிடம் சொல்லுங்கள். ஓசூர்ப் பக்கத்து வகுப்பு என்றால் தெலுங்கும் தமிழும் இரண்டும் பேசுகிற பிள்ளை ஒன்றாவது இருக்கும், அதன் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் வீட்டில் தமிழில் நாலைந்து வாக்கியங்களை மட்டும் பழக்கிவிடுங்கள்: "பாத்ரூம் போகணும் மிஸ்", "தண்ணி வேணும்", "புரியலை மிஸ்", "என்னை அடிச்சிட்டான்". சிரிக்காதீர்கள், ஒன்றாம் வகுப்பில் கால்சட்டையை நனைத்துவிட்டு அழுகிற பிள்ளைகளில் நிறையப் பேருக்குக் கேட்கத் தெரியாததுதான் காரணம். மற்றபடி பாட்டி கதை தெலுங்கிலேயே நடக்கட்டும். ஒரு மொழியில் கதையின் முன்னும் பின்னும் பிடிபட்டுவிட்ட பிள்ளைக்கு அதை இன்னொரு மொழியில் படிப்பது சுலபம்.

மதுரையிலிருந்து ஒரு பாட்டி:
நாங்கள் சௌராஷ்டிரர்கள். ஆறாம் வகுப்பு படிக்கும் பேத்தி இப்போதெல்லாம் எங்கள் பாஷையில் பேசினால் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாள். பள்ளியில் கேலி செய்கிறார்களாம்.

கட்டாயப்படுத்தாதீர்கள் பாட்டி, நீங்கள் பாட்டுக்கு உங்கள் பாஷையிலேயே பேசுங்கள், அவள் தமிழில் பதில் சொல்லட்டும். பதினொரு, பன்னிரண்டு வயதில் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளத்தான் பார்க்கும் பிள்ளைகள். காதில் விழுந்துகொண்டே இருந்தால் பின்னால் திரும்பி வர வழி இருக்கும், காதில் விழாமலே போனால் அதுவும் இருக்காது. 2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் சற்றுக் குறைவு, அதில் பெரும்பாலோர் தமிழ்நாட்டில்தான். அது சொந்த எழுத்தும் உள்ள மொழி. பேத்தியின் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், கேலி செய்கிற பிள்ளைகளில் ஒருவரையாவது வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுங்கள். உங்கள் சமையல் பாதி வேலையை முடித்துவிடும்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்:
போன இதழ் பதிலைப் படித்து எரிச்சல்தான் வந்தது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தமிழில் படிப்பதற்கு என்ன வலிக்கிறது? தெலுங்கு, கன்னடம், உருது என்று ஊருக்கு ஊர் சலுகை கொடுத்துக்கொண்டே போனால் தமிழ் எங்கே போகும்? நீங்களெல்லாம் தமிழ் டீச்சரா?

ஆமாம் சார், தமிழ் டீச்சர்தான். உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. தமிழ்நாட்டில் வளர்கிற பிள்ளை தமிழ் படித்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. தமிழ் தெரியாமல் வளர்ந்தால் நஷ்டம் அந்தப் பிள்ளைக்குத்தான். ஆனால் தமிழைக் கற்பிப்பது வேறு, தமிழ் தெரியாத பிள்ளைக்கு எல்லாப் பாடத்தையும் முதல் நாளிலிருந்தே தமிழில் நடத்திவிட்டு அது முழிப்பதைப் பார்த்து முட்டாள் என்பது வேறு. நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

நீங்கள் சலுகை என்கிறீர்கள். 1956-ல் மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது எல்லைக்கோட்டை எங்கே போட்டாலும் அந்தப் பக்கம் கொஞ்சம் பேர், இந்தப் பக்கம் கொஞ்சம் பேர் மாட்டிக்கொள்ளத்தான் செய்வார்கள் என்று அன்றே எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அதே வருடம் ஏழாவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் 350ஏ பிரிவைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வொரு மாநிலமும் போதிய வசதி செய்ய முயல வேண்டும் என்கிறது அது. அதற்கும் முன்பே, 1949-ல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி, பள்ளியில் நாற்பது பேரோ ஒரு வகுப்பில் பத்துப் பேரோ அந்த மொழி பேசினால் அந்த மொழியில் கற்பிக்க ஒரு ஆசிரியரைப் போட வேண்டும் என்று முடிவெடுத்திருந்தார்கள்.

இப்போது கொஞ்சம் மலை ஏறுவோம். 1956 நவம்பர் 1-ல் தமிழர்கள் நிறைய வாழ்கிற தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. மூணாறில் தேயிலை பறிக்கிற ஒரு அம்மாவின் பிள்ளை தமிழ் வழிப் பள்ளியில் படிக்க வேண்டும், அங்கே தமிழ் தெரிந்த வாத்தியார் வேண்டும் என்று நாம் இங்கிருந்து குரல் கொடுக்கிறோம். நியாயமான குரல். எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்கிறோம்? இதே 350ஏ-தான். கேரளத்தின் காசர்கோட்டில் கன்னட வழி வகுப்புகளுக்குக் கன்னடம் தெரியாத ஆசிரியரை அனுப்பிவிட்டார்கள் என்று பிள்ளைகளும் பெற்றோரும் போராடியதைச் செய்தியில் படித்தபோது நமக்கு அது அநியாயம் என்றுதான் பட்டது. ஓசூர்ப் பக்கத்துத் தென்கனிக்கோட்டையில் நடந்தால் மட்டும் அது எப்படிச் சலுகை ஆகும்? மும்பையில் மாநகராட்சி தாராவித் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் வழிப் பள்ளி நடத்துகிறதே, அதனால் மராத்தி எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 88 சதவீதத்துக்கு மேல், தெலுங்கு ஆறு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, கன்னடமும் உருதும் தலா இரண்டு சதவீதம்கூட இல்லை. இவர்களால் தமிழுக்கு ஆபத்து என்று நினைப்பது தமிழை நாமே குறைத்து மதிப்பிடுவது. தமிழைப் பள்ளியிலிருந்து தள்ளிக்கொண்டு போவது யார் என்று கேட்டால் நான் வேறு ஒரு மொழியைக் கை காட்டுவேன், அதைப் பற்றிக் கடைசிக் கடிதத்தில் பார்க்கலாம்.

1965-ல் நாம் கேட்டதும் இதுதான் சார், தெரியாத மொழியை எங்கள் பிள்ளை தலையில் கட்டாதே என்று. அந்த நியாயத்தை நமக்கு மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

தாளவாடியிலிருந்து ஒரு அப்பா:
நான் கன்னட வழியில் படித்தவன். மகளை எதில் சேர்ப்பது என்று குழப்பம். கன்னட வழியில் சேர்த்தால் நாளைக்கு இங்கே வேலை கிடைக்குமா? தமிழ் வழியில் சேர்த்தால் என்னால் வீட்டில் சொல்லித்தர முடியாது.

பக்கத்துக் கொள்ளேகாலம் 1956-ல் மைசூரோடு போனது, தாளவாடி இந்தப் பக்கம் தங்கிவிட்டது. அந்தக் கோட்டின் பாரத்தை உங்கள் மகள் சுமக்கிறாள், என்ன செய்ய.

2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி மாநிலப் பாடத்திட்டத்தில் எல்லாப் பள்ளியிலும் தமிழ் ஒரு கட்டாயப் பாடம். 2006-07-ல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருடம் ஒரு வகுப்பாக ஏறி 2015-16-ல் பத்தாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தது. அப்போதுதான் பிரச்சினை வெடித்தது. தமிழ் சொல்லித்தர ஆளில்லாத சிறுபான்மைப் பள்ளிப் பிள்ளைகள் பொதுத்தேர்வில் தமிழ்த் தாள் எழுத வேண்டிய நிலை, கோர்ட்டுக்குப் போனார்கள், விலக்கு வாங்கினார்கள். 2023-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் அந்த விலக்கை ஒரு வருடம் நீட்டித்தார்கள். ஆனால் விலக்கு என்பது தீர்வு அல்ல. டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்றத் தாளையே திருத்துவார்கள். பத்தாம் வகுப்பில் தப்பித்த பிள்ளை அங்கே போய் மாட்டிக்கொள்ளும்.

ஆகவே என் அபிப்பிராயம்: ஐந்தாம் வகுப்பு வரை கன்னட வழி, ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழை ஒரு பாடமாக ஒழுங்காகப் படிக்க வேண்டும். அதாவது தமிழ் ஆசிரியர் இருக்கிற கன்னட வழிப் பள்ளி. அப்படி ஒன்று உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று முதலில் போய்ப் பாருங்கள், பெயர்ப் பலகையை நம்பாமல் ஒரு நாள் வகுப்பு வாசலில் நின்று பாருங்கள். இல்லையென்றால், அங்கன்வாடியிலேயே தமிழ்ப் பிள்ளைகளோடு அவள் பழகியிருந்தால், தமிழ் வழி ஒன்றும் பெரிய கஷ்டமாக இருக்காது. கன்னட எழுத்தை நீங்கள் வீட்டில் சொல்லிக்கொடுங்கள், அது உங்களால் முடியும்.

அரசாங்கத்திடம் எனக்கு ஒரு குறை உண்டு. வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்கும் கன்னடம் பேசுகிற பிள்ளைக்கும் ஒரே தமிழ்ப் புத்தகத்தைக் கொடுக்கிறார்கள். வேற்று மொழிக்காரப் பிள்ளைகளுக்கென்று பேச்சில் தொடங்கி எழுத்துக்கு வருகிற மாதிரி ஒரு தமிழ்ப் புத்தகம் போட்டிருந்தால் இந்த வழக்கில் பாதி வந்தே இருக்காது. இன்னொன்று, சிறுபான்மைப் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியை விருப்பப் பாடமாக எழுதினாலும் அந்த மதிப்பெண்ணைத் தேர்ச்சிக் கணக்கில் சேர்க்காமல் விட்டது நீண்ட காலக் குறை. மார்க் இல்லாத பாடத்தை எந்தப் பிள்ளை படிக்கும், எந்தத் தலைமையாசிரியர் அதற்கு பீரியடு ஒதுக்குவார்?

திருப்பூரிலிருந்து ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை:
என் வகுப்பில் வடமாநிலப் பிள்ளைகள் ஒவ்வொரு மாதமும் வந்து சேர்கிறார்கள். எனக்குத் தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும்தான் தெரியும். பத்து வயதுப் பையனை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்றே தெரியவில்லை. ஹிந்தி கற்றுக்கொண்டால் சரியாகிவிடுமா மேடம்?

கற்றுக்கொண்டால் நல்லதுதான், ஆனால் அதுவே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். "வடமாநிலப் பிள்ளைகள்" என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டுகிறோம். ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளையின் வீட்டில் ஒடியா, அதுவும் மலை மாவட்டம் என்றால் குயி, சந்தாலி போன்ற பழங்குடி மொழியாக இருக்கலாம். பீகார் என்றால் போஜ்புரி, மைதிலி, மகஹி. அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பள்ளிக்கூட ஹிந்தியே இரண்டாவது மொழி, அதில் ஏற்கெனவே ஒரு தடவை திணறிவிட்டுத்தான் உங்கள் வகுப்புக்கு வந்திருக்கும். எனவே முதல் வேலை, சேர்க்கைப் படிவத்தில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, வீட்டில் அம்மா என்ன பேசுகிறார் என்று கேட்டு உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்து வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்காதீர்கள், இது முக்கியம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தரச் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரவில்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது. ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நடுவே முழங்கால் மடங்காமல் உட்கார்ந்திருக்கிற பையன் எத்தனை நாள் தாங்குவான்? ஒரு மாதத்தில் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவான்.

கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-ல் ரோஷ்ணி என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். பினானிபுரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் முளைத்த யோசனை அது. பிள்ளைகளின் மொழியும் மலையாளமும் தெரிந்த தன்னார்வலர்களை வைத்து, பள்ளி தொடங்கும் முன் காலையில் அந்தப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு. அவர்கள் மொழியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மலையாளத்துக்குக் கொண்டுபோவார்கள். பிள்ளைகள் பள்ளியில் தங்க ஆரம்பித்தார்கள். நம் பக்கத்திலும் திருவள்ளூர் செங்கல் சூளைகளில் ஒடியா தெரிந்தவர்களை வைத்து ஒடியாப் புத்தகத்திலேயே வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். ஆகாத காரியம் இல்லை.

உங்கள் கையில் தன்னார்வலர் இல்லை, நீங்கள் தனி ஆள் என்று எனக்குத் தெரியும். உங்கள் பள்ளியிலேயே நாலைந்து வருடமாக இருக்கிற வெளிமாநிலப் பிள்ளைகள் இருப்பார்கள், ஏழாம் வகுப்பில், எட்டாம் வகுப்பில். அவர்கள் இரண்டு மொழியும் பேசுவார்கள். தலைமையாசிரியரிடம் சொல்லி தினமும் கால் மணி நேரம் அந்த அக்கா அண்ணன்களை உங்கள் வகுப்புக்கு வரவழையுங்கள். தொடக்கப் பள்ளி மட்டும்தான் என்றால் பக்கத்து நடுநிலைப் பள்ளியிடம் கேளுங்கள். கணக்கை முதலில் பிடியுங்கள், எண்ணுக்கு மொழி குறைவாகத்தான் வேண்டும், அங்கே அவன் கை ஓங்கினால் மற்றப் பிள்ளைகள் முன் அவனுக்கு ஒரு மரியாதை வரும். ஒரு வாரத்துக்கு அவனை வைத்தே நீங்களும் மற்றப் பிள்ளைகளும் அவன் மொழியில் ஒன்றிலிருந்து பத்து வரை கற்றுக்கொள்ளுங்கள், நீங்கள் தப்பாகச் சொல்லும்போது அவன் சிரிப்பான், சிரிக்கட்டும். போன் மொழிபெயர்ப்பைப் பெற்றோரிடம் பேசப் பயன்படுத்துங்கள். பாடம் நடத்த வேண்டாம், அது ஒடியாவைக் கேட்டுவிட்டு என்னத்தையோ சொல்லும்.

கடைசி பெஞ்சில் மட்டும் எல்லோரையும் சேர்த்து உட்கார வைக்காதீர்கள். அங்கே அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டே வருடத்தை ஓட்டிவிடுவார்கள், உங்கள் தமிழ் அவர்கள் காது வரை போகவே போகாது.

ஆனைகட்டிப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்:
நான் இருளர். சின்ன வயதில் பள்ளியில் நான் பேசினாலே வகுப்பு சிரிக்கும், சாரும் சேர்ந்து சிரிப்பார், "காட்டு பாஷை பேசாதே" என்று ஸ்கேலால் அடித்திருக்கிறார். என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் எட்டாவதற்குள் நின்றுவிட்டார்கள். இப்போதாவது ஏதாவது மாறியிருக்கிறதா? எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு நான் என்ன செய்யலாம்?

தம்பி, அடித்ததும் தப்பு, சிரித்ததும் தப்பு. இன்றைக்கு அப்படிச் செய்தால் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி நடவடிக்கை எடுக்கலாம், உடம்பில் அடிப்பதை மட்டுமல்ல, மனதைப் புண்படுத்துவதையும் அது தடுக்கிறது. சட்டம் மலை ஏற நேரமாகும் என்பது வேறு விஷயம்.

மாறியிருக்கிறதா என்றால், கொஞ்சம். 2024-25 தமிழக பட்ஜெட்டில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழி வளங்களை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஆவணம் ஆராய்ச்சியாளர் மேசைக்குப் போகும், ஒன்றாம் வகுப்புக்கு வராது. நான் கேட்பது வகுப்புக்கு வருவதை. ஆந்திரம் 2004-ல் எட்டுப் பழங்குடி மொழிகளிலும் ஒடிசா 2006-07-ல் பத்து மொழிகளிலும் அதைச் செய்து காட்டின. முதல் வகுப்பில் பிள்ளையின் மொழியில் படிக்கத் தொடங்கி, வருடா வருடம் மாநில மொழியைக் கூட்டிக்கொண்டே போவது. ஒடிசாவில் சந்தாலிக்கு ரகுநாத் முர்மு 1925-லேயே உருவாக்கிய ஒல் சிக்கி எழுத்து கைவசம் இருந்தது. எழுத்தில்லாத மற்ற மொழிகளுக்கு ஒடியா எழுத்தையே எடுத்துக்கொண்டார்கள். புத்தகத்தில் அந்த ஊர்த் திருவிழா, அந்த ஊர்க் கிழங்கு, அந்த ஊர்க் கதை. எல்லா இடத்திலும் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன், ஆசிரியர் கிடைக்காமல் இழுத்த இடங்கள் உண்டு. ஆனாலும் அந்த மொழி பேசுகிற உள்ளூர்ப் படித்த பிள்ளைகளை ஆசிரியராக எடுத்த இடத்தில் அது நின்றது.

அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்கிற கதைகள் பத்தைத் தமிழ் எழுத்திலேயே இருளத்தில் எழுதுங்கள், ஒரு பக்கம் இருளம், எதிர்ப்பக்கம் அதே கதை எளிய தமிழில். படம் வரைய ஊர்ப் பிள்ளைகளே போதும். ஜெராக்ஸ் போட்டு அங்கன்வாடிக்குக் கொடுங்கள், அங்கன்வாடி அக்கா உங்கள் ஊர்க்காரராக இருந்தால் இன்னும் நல்லது. பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்கள் ஊர்ப் பெற்றோர் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். இருப்பார்கள், பெரும்பாலும் கையெழுத்துக்கு மட்டும். அடுத்த கூட்டத்துக்கு அவரோடு நீங்களும் போய், ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் இருளம் தெரிந்த ஒருவர் உதவிக்கு வேண்டும் என்று தீர்மானமாக எழுத வையுங்கள். முடிந்தால் கல்லூரி முடித்துவிட்டு பி.எட். சேருங்கள். நீங்கள் வாத்தியாராகப் போய் நிற்கிற வகுப்பில் அந்தச் சிரிப்பு வராது.

சேலத்திலிருந்து ஒரு அப்பா:
மகள் படிக்கும் தனியார் ஆங்கில வழிப் பள்ளியில் தமிழில் பேசினால் பத்து ரூபாய் அபராதம். நாங்கள் தமிழர்கள்தான். இதெல்லாம் சட்டப்படி சரியா?

திருச்சி சாரிடம் சொன்னேனே, அந்த மொழி இதுதான். தமிழ்நாட்டில், 88 சதவீதம் பேர் பேசுகிற மொழிக்கு வகுப்பறையில் பத்து ரூபாய் அபராதம்.

சரியில்லை சார். ஆங்கிலம் பேசப் பழக்குவதில் தப்பில்லை, அதற்கென்று ஒரு பீரியடு வைத்துப் பழக்கட்டும். தாய்மொழி பேசியதற்காகக் காசு வாங்குவதும் கழுத்தில் அட்டை மாட்டுவதும் மேலே சொன்ன 17-வது பிரிவில் வருகிற மன உளைச்சல்தான். அபராதம் பற்றிய உத்தரவை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் தர மாட்டார்கள், அத்தோடு வசூலும் நின்றுவிடும். நிற்கவில்லையா, இன்னும் நாலு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணுக்குப் பேசுங்கள். மகள் பெயரைச் சொல்லாமலும் புகார் தரலாம். இதுவரை கட்டிய பத்து ரூபாய்களுக்கு ரசீது கொடுத்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.